திரைப்படத்துக்குச் சிம்பொனி இசைக்குழுவைப் பதிவு செய்தல்

திரைப்படத்துக்காக ஒரு சிம்பொனி இசைக்குழுவைப் பதிவு செய்வதும், அதே குழுவின் கச்சேரியைப் பதிவு செய்வதும் வேறு வேறு வேலைகள். கச்சேரிக்கு ஒத்திகை உண்டு. திரைப்படப் பதிவில், கலைஞர்கள் அந்த இசையை அன்று காலை ஸ்டாண்டில் வைத்த தாளில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். வாசிப்பது படத்தின் நேரக் கணக்குக்குள் பிசகாமல் பொருந்த வேண்டும். பதிவான இசையும் தனியாக ஒலிக்கப் போவதில்லை. வசனத்துக்கும் ஒலி விளைவுகளுக்கும் அடியில் போய் உட்காரப் போகிறது.

லண்டனில் ஒரு செஷன் என்பது வழக்கமாக 3 மணி நேரம், இடைவேளையும் சேர்த்து. அறுபது எழுபது பேர் அமர்ந்திருக்கும் அறையில் ஒரு நிமிடம் வீணானால், அத்தனை பேரின் ஒரு நிமிடத்துக்கும் தயாரிப்பாளர் பணம் கட்டுகிறார். நல்ல குழுவும் ஒழுங்கான நோட்ஸும் இருந்தால் ஒரு செஷனில் பத்துப் பதினைந்து நிமிட இசை தேறும். துரத்தல், சண்டை போன்ற காட்சிகளுக்கான அடர்த்தியான இசை என்றால் அதிலும் குறையும். எனவே முக்கால்வாசி வேலை, குழு வந்து உட்காருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மைக்கின் விலையை விசாரிப்பவர்கள் நோட்ஸ் தாளைப் பற்றி விசாரிப்பதில்லை. செஷன்கள் கெட்டுப்போவதோ பெரும்பாலும் தாளால்தான்.

குழுவும் அறையும்

லண்டனில் அபே ரோடு ஸ்டுடியோவின் முதல் அரங்கம் 1931-இல் எட்வர்ட் எல்கர் நடத்திய பதிவோடு திறக்கப்பட்டது. நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கம் திரைப்பட இசைக்கு முக்கியமான இடமானது 1980-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்துக்கு லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்தது டென்ஹமில் இருந்த ஆன்வில் ஸ்டுடியோவில். ஒலிப்பதிவாளர் எரிக் டாம்லின்சன். ஆன்வில் தன் இடத்தை இழந்தபோது அந்தத் தொழில் அபே ரோடுக்கு மாறியது. ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ (1981) அங்கே பதிவானது. ஜார்ஜ் மார்ட்டின் 1992-இல் ஹாம்ஸ்டெட்டில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் ஏர் ஸ்டுடியோவைத் திறந்தார். அதன் அறுகோண வடிவ அரங்கத்தில் தலைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய ஒலித்தட்டுகள் உள்ளன. அவற்றைக் கொண்டு அறையின் எதிரொலியைக் கூட்டலாம், குறைக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் சோனி, ஃபாக்ஸ், வார்னர் நிறுவனங்களின் பதிவரங்குகள் இதே தரத்தவை.

இந்த இடங்களுக்கான பணம் எல்லோரிடமும் இருப்பதில்லை. புடாபெஸ்ட், பிராக், ஸ்கோப்யே போன்ற நகரங்கள் திரைப்படப் பதிவில் பெயர் பெற்றதற்குக் குறைந்த கட்டணம் ஒரு காரணம்; ஒப்பந்தம் இன்னொரு காரணம். அமெரிக்கத் தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி, படம் தொலைக்காட்சிக்கோ வேறு ஊடகத்துக்கோ போகும்போது கலைஞர்களுக்கு மேலும் தொகை சேரும். மத்திய ஐரோப்பியக் குழுக்கள் பொதுவாக ஒரே தொகையில் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. கலைஞர்களின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமா என்பது தனி விவாதம். தயாரிப்பாளரின் கணக்கில் தீர்மானிப்பது இதுதான். எந்த ஊரானாலும், எந்தெந்த ஊடகத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு உரிமை என்பதை எழுத்தில் வாங்காமல் பதிவு தொடங்கக் கூடாது.

தமிழ்த் திரையிசைக்கும் இந்த ஊர்களுக்கும் பழக்கம் உண்டு. ‘ஹே ராம்’ (2000) படத்துக்கும் ‘திருவாசகம்’ (2005) ஆல்பத்துக்கும் இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவைப் பயன்படுத்தினார். சென்னையில் ரீ-ரெக்கார்டிங்கில் பழகிய வயலின், செல்லோ கலைஞர்களுக்குக் குறைவில்லை, ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி 2008 முதல் புதியவர்களை உருவாக்கி வருகிறது. பிரெஞ்சு ஹார்ன், பஸூன், ட்ரோம்போன் பிரிவுகளை முழு அளவில் திரட்டுவதுதான் கடினம். அப்படிப்பட்ட இசைக்கு ஸ்டிரிங்ஸைச் சென்னையிலும் மற்றதை வெளியூரிலும் பதிவு செய்து ஒட்டலாம். ஆனால் இரண்டு அறைகளின் எதிரொலியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், குழுவின் ஒரு பாதி கூடத்திலும் மறு பாதி திண்ணையிலும் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது தரைப் பரப்பைவிடக் கூரையின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த கூரையின் கீழ் ஐம்பது வயலின், வியோலா, செல்லோ சேர்ந்து சத்தமாக வாசித்தால், கூரையிலிருந்து உடனே திரும்பும் ஒலி மைக்கில் வந்து அடைத்துக்கொள்ளும். பிற்பாடு செயற்கை ரிவெர்ப் போட்டால் அந்த அடைப்பும் சேர்ந்தே நீளுமே தவிர, விலகாது.

தாள், நேரம், சுருதி

இசையமைப்பாளர் கணினியில் செய்த மாதிரி வடிவம் ஆர்கெஸ்ட்ரேட்டரிடம் போய் முழு ஸ்கோராக மாறுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பார்ட் எழுதப்படுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைகள் நுழைகின்றன. மாதிரிக் கருவிகளை வாசிக்கும் கணினிக்கு மூச்சு வாங்காது. டியூபா கலைஞருக்கு வாங்கும். ஹார்ன் பிரிவை இருபது பார் இடைவிடாமல் உச்ச ஸ்தாயியில் நிறுத்தி வைத்தால், மூன்றாவது டேக்கில் உதடு தளர்ந்துவிடும். அன்று முழுவதும் அது மீளாது. இதை எடுத்துச் சொல்லித் திருத்துவது ஆர்கெஸ்ட்ரேட்டரின் வேலை.

ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒவ்வொரு பாருக்கும் எண் இருக்க வேண்டும். வரிக்கு ஒரு எண் போதாது. ஒவ்வொரு கியூவுக்கும் 1எம்3, 4எம்2 என்பதுபோல் பெயர் இருக்கும்: படத்தின் எத்தனையாவது ரீல், அதில் எத்தனையாவது இசை என்று பொருள். பக்கம் புரட்டும் இடம் ஓய்வு வரும் பாரில் அமைய வேண்டும். முடியாவிட்டால் தாள்களை ஸ்டாண்டில் விரித்து வைக்கும்படி ஒட்டித் தர வேண்டும். பதினான்கு பேர் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினால், அமைதியான இடத்தில் அது ஓர் இசைக்கருவி அளவுக்குக் கேட்கும்.

படத்தோடு இசையை இணைப்பது பெரும்பாலும் கிளிக், அதாவது ஹெட்ஃபோனில் கேட்கும் தாளத் தட்டு. ஃபிலிம் காலத்தில் ஒலித்தடத்தில் துளை போட்டு இதை உண்டாக்கினார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 120 டெம்போ என்றால் 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு. கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இப்போது டெம்போ வரைபடம் கணினியிலேயே தயாராகிறது. ஒவ்வொரு கியூவுக்கும் முன்னால் இரண்டு பார் முன்னறிவிப்புக் கிளிக் வைப்பது வழக்கம். ரிட்டார்டாண்டோ வரும் இடங்களில் கிளிக்கையும் படிப்படியாகத் தளர்த்தி எழுத வேண்டும். சட்டென்று டெம்போ மாறினால் குழு தடுமாறும்.

எல்லா இசைக்கும் கிளிக் ஏற்றதல்ல. உணர்ச்சிகரமான மெதுவான இசையைக் கிளிக்கில் கட்டிப்போட்டால் மூச்சு நின்றுவிடுகிறது. அத்தகைய இடங்களில் கண்டக்டர் திரையைப் பார்த்து, அதில் குறுக்கே ஓடும் கோடுகளையும் மின்னும் புள்ளிகளையும் கொண்டு நேரத்தைப் பிடிக்கிறார். இன்னும் ஒரு படி மேலே போனது ‘இ.டி.’ (1982). இறுதிக் காட்சியின் இசையைப் படத்தோடு பொருத்த ஜான் வில்லியம்ஸ் சிரமப்பட்டபோது, திரையை அணைத்துவிட்டுக் கச்சேரிபோல் நடத்தும்படி ஸ்பீல்பெர்க் சொன்னார். பிறகு அந்த இசைக்கேற்பப் படத்தை வெட்டிக்கொண்டார். அந்தச் சலுகை வேறு எந்த இசையமைப்பாளருக்கும் எளிதில் கிடைக்காது.

ஃபிரேம் வேகத்தைப் பதிவுக்கு முந்திய வாரமே எடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 24-க்கும் 23.976-க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 5 நிமிட கியூவில் அது ஏழு ஃபிரேம் வழுக்கும். கதவு அறையப்படும் இடத்தில் விழ வேண்டிய அடி, கதவு மூடிய பிறகு விழும். சாம்பிள் வேகம் படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 96-இல் பதிவு செய்து பின்னர் இறக்குவதும் உண்டு. இரண்டும் சரி, ஒரே வேலையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

சுருதி விஷயத்தில் இந்திய வாசகருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். லண்டனிலும் அமெரிக்காவிலும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். ஐரோப்பியக் கண்டத்தின் பல குழுக்கள் 442 அல்லது 443-இல் சேர்க்கின்றன. சென்னையில் முன்பே பதிவான கீபோர்டு, குரல், புல்லாங்குழல் எல்லாம் 440-இல் இருக்க, புடாபெஸ்டில் வயலின்கள் 442-இல் வாசித்தால் அரைஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு விலகும். தனியாகக் கேட்டால் தெரியாது. சேர்த்துக் கேட்டால் உறுத்தும். வயலினைக் கீழே இறக்கிச் சேர்த்துவிடலாம். வைப்ரஃபோன், குளோக்கன்ஸ்பீல் போன்ற உலோகக் கருவிகள் தயாரிக்கப்பட்ட சுருதியிலேயே நிற்கும். எனவே சுருதியைக் குழுவை ஏற்பாடு செய்யும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

அமர்வும் மைக்குகளும்

வழக்கமான திரைப்பட ஸ்டிரிங்ஸ் பிரிவில் 14 முதல் வயலின், 12 இரண்டாம் வயலின், 10 வியோலா, 8 செல்லோ, 6 டபுள் பாஸ் என ஐம்பது பேர் இருப்பார்கள். இடமிருந்து வலமாக இந்த வரிசையிலேயே கண்டக்டரைச் சுற்றி அமர்கிறார்கள். நடுவில் உட்விண்ட், பின்னால் பிராஸும் பெர்கஷனும். ஹார்ன் கருவியின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. அதன் ஒலி பின்சுவரில் பட்டுத்தான் முன்னே வருகிறது. ஹார்ன் கலைஞர்களுக்குப் பின்னால் கனத்த திரைச்சீலை தொங்கினால் அந்தப் பிரிவு மங்கிவிடும். அங்கே மரப்பலகை வேண்டும்.

முதன்மை மைக் அமைப்பு பெரும்பாலும் டெக்கா ட்ரீ. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் டெக்கா நிறுவனத்தின் ராய் வாலஸ், ஆர்தர் ஹாடி ஆகியோர் ஸ்டீரியோ இசைத்தட்டுகளுக்காக உருவாக்கியது. எல்லாத் திசையிலும் ஒலி வாங்கும் மூன்று மைக்குகள்: இடமும் வலமும் ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளியில், நடு மைக் குழுவை நோக்கி ஒன்றரை மீட்டர் முன்னே தள்ளி. மூன்றும் கண்டக்டரின் தலைக்கு மேலே, தரையிலிருந்து 3 மீட்டருக்குச் சற்று மேலே தொங்கும். இதற்குப் பெயர்போன மைக் நாய்மன் எம் 50. அதன் ஒலிவாங்கி ஒரு சிறு கோளத்தில் பதிந்திருப்பதால், தாழ்ந்த ஒலிகளை எல்லாத் திசையிலும் சமமாக வாங்கும். உயர்ந்த ஒலிகளுக்கு முன்பக்கம் கூர்மையாகும். அகன்ற ஸ்டிரிங்ஸ் பிரிவின் இரு ஓரங்களையும் பிடிக்க, இருபக்கமும் ஒவ்வொரு மைக் கூடுதலாக வைக்கப்படும்.

இசைத்தட்டுக்காகப் பிறந்த இந்த அமைப்பு திரையரங்குக்கும் பொருந்திப்போனதற்குக் காரணம், திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகள் இருப்பதுதான். ஆனால் நடு ஒலிபெருக்கி வசனத்துக்கு உரியது. எனவே மிக்ஸில் ட்ரீயின் நடு மைக்கை அடக்கியே வைக்க வேண்டும். அறையின் பின்பகுதியில் உயரத்தில் வைக்கும் மைக்குகள் பக்க ஒலிபெருக்கிகளுக்குப் போகும். டால்பி அட்மாஸ் என்றால் கூரை ஒலிபெருக்கிகளுக்காக இன்னும் மேலே நான்கு மைக்குகள் சேரும்.

அடுத்தது ஸ்பாட் மைக்குகள். ஒவ்வொரு பிரிவுக்கும் அருகில் ஒன்றோ இரண்டோ வைக்கப்படும். பிராஸின் முன்னால் ரிப்பன் மைக் நல்லது. ட்ரம்பெட்டின் காட்டத்தைத் தணிக்கும். ஸ்பாட் மைக்கின் வேலை தெளிவு சேர்ப்பது மட்டுமே. ட்ரீயில் கேட்காத சமநிலையை ஸ்பாட்டில் கொண்டுவர முயன்றால் குழு துண்டு துண்டாகிவிடும். டிம்பனி ட்ரீயிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் ஒலி ட்ரீயைச் சேர 29 மில்லிநொடி ஆகும். பக்கத்து மைக்கில் உடனே வந்துவிடும். ஸ்பாட் தடத்தை அந்த அளவு தாமதப்படுத்திக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். சிலர் தாமதமே செய்வதில்லை, தாக்கு கூர்மையாக விழும் என்பதற்காக. காது எதைச் சொல்கிறதோ அதுவே சரி.

சேர்த்தா, பிரித்தா

எல்லோரையும் ஒன்றாக அமர்த்திப் பதிவு செய்வது பழைய முறை. ஸ்டிரிங்ஸ், உட்விண்ட், பிராஸ், பெர்கஷன் எனத் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்குவது இன்று பரவலாகிவிட்ட முறை. இதன் வசதி வெளிப்படை. பிராஸ் கத்தும்போது வயலின் மைக்கில் ட்ரம்பெட் கசியாது. இயக்குநர் கடைசி நேரத்தில் ‘ஹார்ன் வேண்டாம்’ என்றால் ஹார்னை மட்டும் எடுத்துவிடலாம். இழப்பு அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. ஒபோ எவ்வளவு மெல்ல வாசிக்க வேண்டும் என்பதை வியோலாவைக் கேட்டுத்தான் அந்தக் கலைஞர் முடிவு செய்கிறார். வியோலா ஹெட்ஃபோனில் மட்டும் இருந்தால் அந்த உரையாடல் அறுந்துபோகிறது. மெல்லிசைப் பகுதிகளையும் முக்கியக் கருப்பொருளையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டு, சண்டைக் காட்சிகளை மட்டும் பிரித்துப் பதிவு செய்வது நல்ல நடுவழி. பிரிக்கும்போது ஸ்டிரிங்ஸ் முதலில் வர வேண்டும். சுருதிக்கும் வாசிப்பின் உருவத்துக்கும் மற்றவர்கள் பின்பற்ற ஏதாவது வேண்டுமே.

செஷன் நாளில்

கண்ட்ரோல் அறையில் நான்கு பொறுப்புகள் தேவை: ஒலிப்பதிவாளர், புரோ டூல்ஸ் இயக்குபவர், ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு பிழை பிடிப்பவர், டேக் குறிப்பு எழுதுபவர். சிறிய வேலையில் ஒருவரே இரண்டு பொறுப்பு ஏற்கலாம். ஆனால் இசையமைப்பாளரே ஸ்கோர் பார்ப்பவராகவும் இருக்கக் கூடாது. அவர் மனதில் உள்ள இசையைக் கேட்பார்; ஒலிபெருக்கியில் வந்த பிழை தப்பிவிடும்.

முதல் டேக்கிலிருந்தே பதிவை ஓட விட வேண்டும். அது வெறும் பார்வைதான் என்று குழுவிடம் சொல்லியிருந்தாலும் சரி. பதற்றமில்லாத அந்த வாசிப்பில் சில இடங்கள் பிறகு கிடைக்காத அழகோடு விழுந்திருக்கும்.

இடையில் எழும் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 23-ஆம் பாரில் கிளாரினெட் கலைஞர் கை தூக்குகிறார்: எஃப் ஷார்ப்பா, எஃப் நேச்சுரலா? கண்ட்ரோல் அறையில் இருக்கும் ஸ்கோர் கேட்கும் சுருதியில் அச்சானது. அதில் அந்த இடத்தில் ஈ என்று இருக்கிறது. ‘ஈ’ என்று டாக்பேக்கில், அதாவது குழுவிடம் பேசும் மைக்கில், சொன்னால் கலைஞர் குழம்புவார். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதுவது மரபு. ‘எழுதியதில் எஃப் ஷார்ப்’ என்பதே சரியான பதில். அதைச் சொல்ல ஐந்து நொடி போதும். தெரியாதவர் மைக்கில் இருந்தால் எழுபது பேர் ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். குழுவிடம் பேசும் குரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். இயக்குநருக்குக் கருத்து இருந்தால் இசையமைப்பாளரிடம் சொல்லலாம். டாக்பேக் பொத்தானைத் தொட வேண்டாம்.

ஹெட்ஃபோனில் கிளிக் சத்தம் குறைவாக, ஒரு காதில் மட்டும் போதும். ஒரு காதில் மாட்டி மற்றதைக் கழுத்தருகே தொங்கவிட்டால், அதிலிருந்து கசியும் கிளிக் வயலின் மைக்கில் விழும். மற்றக் காதின் ஒலியை அணைத்தே கொடுப்பது பாதுகாப்பு. கடைசி ஸ்வரம் நீளும் இடத்தில் கிளிக்கை நிறுத்திவிட வேண்டும். குளிர்சாதனத்தையும் டேக்கின்போது நிறுத்த வேண்டும். கடைசி ஒலி அடங்கும்வரை யாரும் வில்லைத் தாழ்த்தக் கூடாது, நாற்காலியில் அசையக் கூடாது. நான்கு நொடி எதிரொலியின் மூன்றாம் நொடியில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டால், அந்த முடிவை மட்டும் இன்னொரு முறை வாசிக்க வேண்டியதுதான்.

கடினமான கியூவைச் செஷனின் முதல் அரைமணியில் வைக்கக் கூடாது. குழு அறைக்குப் பழகியிருக்காது. கடைசியிலும் வேண்டாம், உதடும் விரலும் களைத்திருக்கும். இடைவேளைக்கு முந்திய நேரமே அதற்கு ஏற்றது. கடைசிப் பத்து நிமிடத்துக்குச் சின்னச் சின்ன ஒட்டுகளை மிச்சம் வைக்கலாம்.

தொலைவிலிருந்து

சென்னையில் இருந்தபடியே ஐரோப்பியக் குழுவைப் பதிவு செய்வது இப்போது சாதாரணம். ஒலி தரமான இணையத் தடத்தில் வரும்; பேச்சும் படமும் வேறு தடத்தில். புடாபெஸ்டில் காலை 10 மணி என்பது கோடையில் சென்னைக்குப் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. இந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் செஷன் தொடக்கத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. இணையத் தாமதத்தால் கருத்து சொல்வது பிந்தும். ஆகவே அந்த ஊரிலேயே ஸ்கோர் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ட்ரோல் அறையில் இருப்பது அவசியம். சென்னையில் இருப்பவர் டேக்குகளுக்கு நடுவே மட்டும் பேசினால் போதும்.

கணினி விளையாட்டும் விளம்பரமும்

விளையாட்டுக்கான இசையில் நீளம் முன்கூட்டியே தெரியாது; ஆடுபவர் நிற்கும்வரை ஒரே பகுதி சுற்றிச் சுற்றி வரும். அந்தப் பகுதியைக் குழு இரண்டு முறை இடைவிடாமல் வாசிக்க வேண்டும். முதல் சுற்றின் எதிரொலி இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் படிந்திருக்கும்; அந்த இரண்டாம் சுற்றை வெட்டி எடுத்தால் ஒட்டு தெரியாது. ஆபத்து கூடும்போது பிராஸும் பெர்கஷனும் சேர வேண்டியிருப்பதால், இங்கே பிரித்துப் பதிவு செய்வது கட்டாயம். விளம்பரத்துக்கு முப்பது நொடி இசைதான் என்றாலும் 20, 15 நொடி வடிவங்களின் முடிவுகளையும் அதே செஷனில் வாங்கிவிட வேண்டும்.

எடிட், மிக்ஸ், ஒப்படைப்பு

டேக்குகளை வெட்டி ஒட்டும்போது எல்லா மைக் தடங்களையும் ஒன்றாகவே வெட்ட வேண்டும். வயலின் ஸ்பாட்டில் ஒரு டேக்கும் ட்ரீயில் இன்னொரு டேக்கும் ஓடினால் பிம்பம் இரட்டிக்கும். மிக்ஸை ட்ரீயில் தொடங்கி, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஸ்பாட்டைத் திறப்பது நல்ல பழக்கம். இறுதி ஒலிக்கலவைக்கு ஸ்டிரிங்ஸ், உட்விண்ட், பிராஸ், பெர்கஷன், கீபோர்டு எனத் தனித்தனி ஸ்டெம்களாக, ஒவ்வொன்றும் படத்தின் நேர முத்திரையோடு போக வேண்டும். எல்லா ஸ்டெம்களையும் ஒரே அளவில் ஓட விட்டால், இசையமைப்பாளர் ஒப்புக்கொண்ட மிக்ஸ் அப்படியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஏதோ ஒரு கருவி இரண்டு ஸ்டெமில் இருக்கிறது அல்லது எதிலுமே இல்லை.

ஒப்படைத்த பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. வெளியீட்டுக்கு முந்திய வாரம்வரை படம் வெட்டப்படும். அப்போது குழுவைத் திரும்ப அழைக்க நேரமும் இருக்காது, பணமும் இருக்காது. மூலத் தடங்கள், டெம்போ வரைபடம், டேக் குறிப்புகள், திருத்திய ஸ்கோர் ஆகியவற்றை இரண்டு வெவ்வேறு இடங்களில் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் ஸ்டுடியோவின் பில்லைத் தீர்க்க வேண்டும்.